பத்தொன்பது ஒன்றுகள்

மார்ச் 3

டீச்சருக்கு,

உன் கடிதத்தை, கப்பலுக்குக் குடிதண்ணி கொண்டு வர்ற தண்ணிப் படகுக்காரர் குடுத்தார். நாலே வரி, நாலும் திட்டு. பரவாயில்லை, உன் கையெழுத்தையாவது பார்த்தேன்.

"யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டே?"ன்னு கேட்டிருக்கே. யாரையும் கேக்கலை. சாப்பாட்டு மேஜையில வச்சு கேப்டன் பேப்பரை நீட்டினார். கப்பல் முதலாளிக்கும் சரக்குக்காரனுக்கும் வழக்கு. தீர்ப்பு வர்ற வரைக்கும் கப்பல் நங்கூரம் போட்ட இடத்தை விட்டு நகரக்கூடாது, ஆளில்லாமலும் கிடக்கக்கூடாது, ஜெனரேட்டர் தெரிஞ்ச ஒரு இன்ஜினியர் பொறுப்பா இருக்கணும்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. "ரெண்டு வாரம்தான் தம்பி, உனக்குக் குழந்தை குட்டி வேற இல்லை"ன்னார். சுத்தி இருந்த அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தாங்க. போட்டுட்டேன். மறுநாள் எல்லாரும் மூட்டை கட்டி இறங்கினாங்க. முதல் ஆளா இறங்கினது கேப்டன். அது போன அக்டோபர்ல.

இப்ப நானும் சமையல் அண்ணனும்தான். அவர் எதுலயும் கையெழுத்துப் போடலை, எப்ப வேணும்னாலும் போகலாம். என்னைத் தனியா விட மனசு வராம இருக்கார். நான் இறங்கினா போலீஸ் பிடிக்கும். பாஸ்போர்ட்டும் துறைமுக ஆபீஸ் அலமாரியில கிடக்கு. போன் இங்க எடுக்காது. டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் ஓட்டறோம். அது நின்ன உடனே கப்பல் முழுக்க ஒரு அமைதி வரும் பாரு, காதுக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி.

கரை நல்லாத் தெரியுது. அதுதான் கொடுமை. கடற்கரை ரோட்டுல பஸ் போறது, நிக்கறது, ஆள் ஏறறது எல்லாம் தெரியுது. நான் இங்கேயிருந்து அந்த பஸ்ஸுக்கு விசில் குடுத்துக்கிட்டிருக்கேன்.

ஒண்ணு சொல்லணும், பயப்படாதே. நேத்து மேல்தளத்துக் கம்பி ஓரத்துல நின்னு தண்ணியைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. சமையல் அண்ணன் வந்து தோள்ல கை வச்சு, "உள்ள வா, வெங்காயம் உரிக்க ஆள் வேணும்"னு கூட்டிக்கிட்டுப் போனார். சமையலுக்கு அன்னிக்கு வெங்காயமே இல்லை.

ஏதாவது எழுது. திட்டா இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் நீளமா எழுது.

எண்ணெய்


மார்ச் 14

எண்ணெய்க்கு,

இனிமேல் கம்பி ஓரத்துக்குப் போகாதே. இதைக் கெஞ்சலா எடுத்துக்கறதா உத்தரவா எடுத்துக்கறதான்னு நீயே முடிவு பண்ணிக்கோ. போகாதே.

அந்தச் சமையல் அண்ணனுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு.

முதலாளி ஆபீஸுக்கு நான் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். வாரத்துல ஒரு நாள் பள்ளிக்கூடத்துல அரை நாள் லீவு போட்டுட்டுப் போறேன். அதைப் பத்தி எழுதினா உனக்கு இன்னும் கசக்கும், அதனால எழுதலை.

உன் கடிதம் வந்ததுலேர்ந்து ஒரே யோசனை. நீ சும்மா இருக்கிற ஆள் கிடையாது. நமக்குக் கல்யாணம் ஆன புதுசுலயே ஓடிக்கிட்டிருந்த கடிகாரத்தைக் கழட்டிப் போட்டவன். கழட்ட ஒண்ணும் இல்லைன்னா உன் மண்டையையே கழட்டிடுவே. அதனால கழட்டறதுக்கு ஒண்ணு அனுப்பறேன். எங்கிட்ட இருக்கறது எண்தான், எண்ணெய் உன் பக்கம்.

ரெண்டு ஒன்றைப் பக்கத்துல பக்கத்துல எழுது. பதினொண்ணு. அதை எந்த எண்ணாலயும் மீதி இல்லாம வகுக்க முடியாது. அது பகா எண். மூணு ஒன்று எழுதினா உடையும்: மூணும் முப்பத்தேழும். அஞ்சு ஒன்று: நாற்பத்தொன்றும் இருநூத்தி எழுபத்தொன்றும். ஏழு ஒன்று: 239-ம் 4649-ம். பெருக்கிப் பாரு, ஏழு ஒன்றும் வரிசையா வந்து நிக்கும்.

உனக்குப் பதினொரு ஒன்று.

11111111111

இதுக்கு ரெண்டு துண்டு இருக்கு. கண்டுபிடி. கண்டமேனிக்கு வகுக்காதே, ஆயுசு போயிடும். இதை வகுக்கிற பகா எண் எதுவானாலும், அதை 22-ஆல வகுத்தா மீதி ஒன்றுதான் வரும். அதனால 23, 67, 89 இப்படி அந்தச் சாதியை மட்டும் பிடிச்சுப் போ. ஏன் அப்படின்னு நீ வந்தப்புறம் கரும்பலகை வச்சுச் சொல்லித் தர்றேன்.

கால்குலேட்டர் இருந்தா கடல்ல போடு.

டீச்சர்


ஏப்ரல் 11

டீச்சர்! டீச்சர்!

21649.

இன்னொண்ணு 513239.

பெருக்கிப் பார்த்துட்டேன், மூணு தடவை. பதினொரு ஒன்றும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி வரிசையா வந்து நின்னுச்சு. நான் மேல்தளத்துக்கு ஓடி, தூரத்துல போன ஒரு எண்ணெய்க் கப்பலைப் பார்த்து "உடைச்சுட்டேன்டா!"ன்னு கத்தினேன். அவங்க என்ன நினைச்சாங்களோ, ஹார்ன் அடிச்சாங்க.

பேப்பர் தீர்ந்து போச்சு. இன்ஜின் ரூம் தரையில இரும்புத் தகடு போட்டிருக்கும்ல, அதுல சாக்பீஸ்ல எழுத ஆரம்பிச்சேன். குப்புறப் படுத்துக்கிட்டு வகுத்தல். ஒரு தகடு முழுக்க ஒரே கணக்கு. முழங்காலெல்லாம் வெள்ளை. சமையல் அண்ணன் டீ கொண்டு வந்தவர் பார்த்துட்டு, "என்ன தம்பி, ஒண்ணு ஒண்ணா நட்டு வச்சிருக்கே, வேலி போடறியா?"ன்னார். விளக்கிச் சொன்னேன். கேட்டுட்டு, "சரி, உடைஞ்சா என்ன கிடைக்கும்?"ன்னார். "ரெண்டு துண்டு"ன்னேன். "நான் தேங்காயை உடைச்சாலும் ரெண்டு துண்டுதான், தின்னவாவது செய்யலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டார். ஆனா அப்புறம் தினமும் வந்து "இன்னிக்கு எதுவரைக்கும்?"னு கேக்கத் தவறலை.

நடுவுல ஒரு வாரம் தப்பான வழியில போயிட்டேன். 21649-ஐ முதல் தடவை வகுத்தப்ப ஒரு கழித்தல்ல கடன் வாங்கறதை மறந்து தாண்டிப் போயிட்டேன், அதுக்கப்புறம் வந்த தகடெல்லாம் வீண். கோபத்துல வாளியை உதைச்சேன். ஆனா டீச்சர், அந்த ஒரு வாரமும் நான் கரையைப் பார்க்கவே இல்லை. பஸ் போச்சா வந்துச்சா தெரியாது. அது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குப் புரியாது.

இப்ப உடைஞ்சு மூணு நாள் ஆகுது, திரும்பவும் பஸ் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. சீக்கிரம் அடுத்ததை அனுப்பு. பெருசா அனுப்பு.

எண்ணெய்


ஏப்ரல் 20

எண்ணெய்க்கு,

ஆசிரியர் அறையில உக்காந்து படிச்சேன். சத்தமா சிரிச்சுட்டேன் போல, வேதியியல் டீச்சர் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் அழுதேன், அதையும் பார்த்தாங்க. மனுஷி நல்லவங்க, டீ ஊத்திக் குடுத்தாங்க.

இப்ப எல்லாத்தையும் எழுதிடறேன். முதலாளி ஆபீஸ் வாசல்ல ஒரு பெஞ்சு. அதுல உக்கார வச்சுடுவாங்க. எதிர்ல ஒரு பிளாஸ்டிக் செடி, அதைத் தினமும் ஒரு அம்மா துணி வச்சுத் துடைப்பாங்க. "சார் மீட்டிங்ல இருக்கார்"னு ஒரு பையன் வந்து சொல்வான். போன வாரம் நானே உள்ளே போயிட்டேன். உள்ளே சாரும் இல்லை, மீட்டிங்கும் இல்லை, நாற்காலியில ஒரு கோட்டு மட்டும் தொங்கிக்கிட்டிருந்தது. கோட்டு கிட்டயா நியாயம் கேக்கறது?

வக்கீலைப் பார்த்தேன். வழக்கு இப்போதைக்கு முடியற மாதிரி இல்லைன்னு சொல்றார். "இப்போதைக்குன்னா?"ன்னு கேட்டேன். பேனாவை மூடி வச்சுட்டார்.

உனக்கு அடுத்த எண். பதிமூணு ஒன்று உனக்குக் காணாது, 53-லயே உடைஞ்சிடும். பதினேழை விடு. பத்தொன்பது எடுத்துக்கோ.

1111111111111111111

இந்தத் தடவை 22 கிடையாது, 38. முப்பத்தெட்டால வகுத்து மீதி ஒன்று வர்ற பகா எண்களா எடுத்துப் போட்டுப் பாரு. நிதானமாப் போ, அவசரமே இல்லை.

ஒழுங்கா சாப்பிடு.

டீச்சர்


ஜூன் 2

டீச்சருக்கு,

சமையல் அண்ணன் போயிட்டார். வயித்து வலி வந்து ரெண்டு நாள் சுருண்டு கிடந்தார். தண்ணிப் படகுல ஏத்தி அனுப்பினேன். ஏணியில இறங்கறப்ப, "வந்துடறேன் தம்பி"ன்னார். வரமாட்டார், வரவும் கூடாது. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டதாப் படகுக்காரர் சொன்னார். அதுக்கப்புறம் தகவல் இல்லை.

இப்ப நான் மட்டும்.

எல்லாக் கதவையும் திறந்து வச்சிருந்தேன். காத்துல ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரோ நடமாடற மாதிரி. எல்லாத்தையும் மூடினேன். அப்புறம் எல்லாத்துக்கும் பின்னால யாரோ இருக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப இன்ஜின் ரூம்லயே படுத்துக்கறேன். அங்க எனக்குக் கணக்கு இருக்கு.

191-ல ஆரம்பிச்சேன். 229, 419, 457... எதுவும் ஒத்து வரலை. பதினொண்ணை விட இது வேற மாதிரி எண் டீச்சர். அதுல ஒரு இளக்கம் இருந்துச்சு, இது இரும்பு. தரைத் தகடெல்லாம் நிறைஞ்சு இப்ப சுவத்துல ஏறிட்டேன். துரு இருக்கற இடத்துல சாக்பீஸ் பிடிக்காது, அதனால சுரண்டி வழிச்சுட்டு எழுதறேன். கப்பலுக்கும் நல்லது.

மனசுக்குள்ள ஒண்ணு முடிவு பண்ணி வச்சிருக்கேன். இது உடையற அன்னிக்கு எனக்கு விடுதலை. சிரிக்காதே. வழக்கு என் கையில இல்லை, இது என் கையில இருக்கு.

ஒண்ணு கேக்கணும். ஏன் பதினேழை விட்டுட்டுப் பத்தொன்பதுக்குப் போனே? அப்புறம், பதினொண்ணுக்கு "ரெண்டு துண்டு இருக்கு"ன்னு எழுதியிருந்தே. இதுக்கு எத்தனைன்னு எழுதலை. இதுக்கும் இருக்குல்ல?

எண்ணெய்


ஜூலை 9

எண்ணெய்க்கு,

உனக்குப் போட்ட ரெண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. துறைமுக ஆபீஸுக்குப் போன் பண்ணி, படகுக்காரர்கிட்ட விசாரிக்கச் சொன்னேன். "உயிரோட இருக்கார், தாடி வச்சிருக்கார், பேச மாட்டேங்கறார், சாக்பீஸ் மட்டும் கேக்கறார்"னு தகவல் வந்தது.

இதை உக்காந்து படி. நல்ல சேதி.

வக்கீல் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு கோர்ட்டு உத்தரவை முழுசாப் படிச்சிருக்கா. இவ்வளவு நாளா யாருமே கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கலை போல. இன்னொரு இன்ஜினியர் வந்து பொறுப்பை ஏத்துக்கிட்டா நீ இறங்கலாம். இதைக் கேட்ட உடனே பெஞ்சுலேர்ந்து எழுந்தவதான், இன்னும் உக்காரலை. எத்தனை பேரைப் பார்த்தேன்! எல்லாரும் உச்சுக் கொட்டினாங்க, ஒருத்தரும் வரேன்னு சொல்லலை.

கடைசியில ஒரு பெரியவர் கிடைச்சார். ஓய்வு பெற்ற சீஃப் இன்ஜினியர். மனைவி போய்ச் சேர்ந்துட்டாங்க. மகன் வீட்டுல அவருக்குன்னு ஒதுக்கின அறையில பாதி இடத்துக்கு அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும். "மருமக வீட்டுல ஃபேன் சுவிட்சைத் தொடறதுக்குக் கூட எனக்கு அனுமதி வேணும்மா. அங்க ஒரு முழு ஜெனரேட்டரே இருக்கே"ன்னார். விளையாட்டுக்குச் சொல்றாரோன்னு மறுபடி மறுபடி கேட்டேன். நிஜமாத்தான் சொல்றார். துறைமுக ஆபீஸும் சரின்னுடுச்சு.

மாசக் கடைசியில வரார். அவர் ஏறணும், நீ இறங்கணும். அவ்வளவுதான். தாடியை எடு. வீட்டுல உன் பக்கத்து அலமாரியைத் துடைச்சு வச்சிருக்கேன்.

டீச்சர்


ஜூலை 18

டீச்சருக்கு,

கடிதம் கிடைச்சது. பெரியவரை இப்ப வர வேண்டாம்னு சொல்லிடு. இன்னும் ஒரு மாசம், மிஞ்சினா ரெண்டு.

நான் இப்ப நடுவுல இருக்கேன். இப்ப விட்டா எல்லாம் போயிடும். சுவத்தைப் பேத்து எடுத்துக்கிட்டு வர முடியாது. போன வாரம் ஒரு எண்ணுக்கு மீதி ஒன்று வந்துச்சு. வெறும் ஒன்று! எவ்வளவு கிட்ட பாரு. இவ்வளவு கிட்ட வந்துட்டு இறங்கச் சொல்றியா?

அவர் வந்தா கால் படும். அழிஞ்சிடும்.

சாக்பீஸ் அனுப்பு.

எண்ணெய்


ஜூலை 28

இந்தக் கடிதத்தை உன் கையில குடுக்கறவர்தான் அந்தப் பெரியவர். வர வேண்டாம்னு நீ எழுதினதை நான் அவர்கிட்ட சொல்லலை. கீழே படகு நிக்கும், ஒரு மணி நேரம் நிக்கும்னு பேசியிருக்கேன். அதுக்குள்ள படிச்சு முடி.

பத்தொன்பது ஒன்றுக்குத் துண்டு கிடையாது.

கிடையவே கிடையாது. அது பகா எண். எப்பவோ நிரூபிச்சுட்டாங்க, எங்க நூலகத்துப் புத்தகத்துல ஒரு வரியில இருக்கு. அதையும் ஒன்றையும் தவிர உலகத்துல எந்த எண்ணும் அதை வகுக்காது. உன் சுவத்துல இருக்கற ஒவ்வொரு கணக்குக்கும் மீதி வரும். மீதி ஒன்று வந்தா கிட்ட வந்துட்டேன்னு அர்த்தம் இல்லை. வகுத்தல்ல கிட்டங்கறதே கிடையாது. அது உனக்கும் தெரியும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

தெரிஞ்சேதான் குடுத்தேன். பதினேழுக்குத் துண்டு இருக்கு, ரொம்ப நாள் ஆகும், ஆனா ஒரு நாள் கிடைச்சிடும். கிடைச்சதும் நீ மறுபடியும் அந்தக் கம்பி ஓரத்துல போய் நின்னா நான் என்ன பண்ணுவேன்? பதினொண்ணு உடைஞ்ச மூணே நாள்ல பஸ் தெரியுதுன்னு எழுதினே. முடியாத ஒண்ணு வேணும்னு நினைச்சேன். எங்கிட்ட அதுதான் இருந்தது.

நீ கேட்டே, "இதுக்கும் இருக்குல்ல?"ன்னு. பதில் எழுத உக்காந்தேன். இருக்குன்னு பொய் எழுதக் கை வரலை. இல்லைன்னு எழுத தைரியம் வரலை. விட்டுட்டேன்.

உன்னைச் சாக விடக்கூடாதுன்னு செஞ்சேன். பூட்டிக் கிடக்கிற உன்னை நான் இன்னொரு பூட்டுப் போட்டுப் பூட்டிட்டேன்னு உன் கடைசிக் கடிதம் வந்தப்பதான் தெரிஞ்சது. மாசக்கணக்கா ஒரு ஆபீஸ் வாசல்ல உக்காந்து உன்னை மீட்டுக்கிட்டு வந்தா, நீ "இப்ப வேண்டாம்"னு எழுதறே. யார்கிட்ட போய் முட்டிக்கறது நான்?

திட்டு. அடிக்கணும்னா வந்து அடி. பேசவே மாட்டேன்னாலும் சரி, வீட்டுல உக்காந்து பேசாம இரு. ஏணியில இறங்கு.

டீச்சர்


ஆகஸ்ட் 4

டீச்சருக்கு,

இறங்கிட்டேன்.

துறைமுகத்துக்குப் பின்னால மாலுமிகள் விடுதி ஒண்ணு இருக்கு. மாடியில ஒரு ரூம் குடுத்திருக்காங்க. பாஸ்போர்ட்டுல ஏதோ முத்திரை பாக்கி, அது ஆனதும் கிளம்பலாமாம்.

பெரியவர் ஏணி ஏறி வந்து மூச்சு வாங்கிட்டு, உன் கடிதத்தை நீட்டினார். இன்ஜின் ரூம்ல வச்சுப் படிச்சேன். உன் மேல அப்படி ஒரு கோபம் வந்துச்சு. இப்பவும் அந்தக் கோபம் போகலை, போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே.

ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்குத் தெரியும் டீச்சர். ஜூன்லயே தெரியும். அப்ப வந்த உன் ரெண்டு கடிதத்துலயும் நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லாம விட்டதுமே பொறி தட்டிச்சு. எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் பதில் சொல்லாம விடறவ இல்லை நீ. அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டேன். அந்த எண்ணோட வர்க்கமூலம் நூறு கோடியைத் தாண்டுது. முப்பத்தெட்டு முப்பத்தெட்டாத் தாவினாலும் ரெண்டே முக்கால் கோடிப் படி. நான் போற வேகத்துக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும். துண்டு இருந்தாலும் இல்லைன்னாலும் எனக்கு எட்டாதுன்னு தெரிஞ்சுபோச்சு.

தெரிஞ்சும் மறுநாள் காலையில எழுந்து அடுத்த எண்ணை எடுத்தேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியலை. வகுத்துக்கிட்டு இருக்கறப்ப நான் எங்கேயும் போக வேண்டியதில்லை. நீ இறங்கலாம்னு எழுதின அன்னிக்கு எனக்கு சந்தோஷம் வரலை, பயம்தான் வந்துச்சு. மனுஷங்க முகத்தைப் பார்த்துப் பேசணுமேன்னு. மீதி ஒன்று, ரொம்பக் கிட்டன்னு எழுதினது உன்னை ஏமாத்த இல்லை, என்னையே ஏமாத்திக்க.

பெரியவர் சுவத்தைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். நான் வாளியும் துணியும் எடுத்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க ஆரம்பிச்சேன்.

"ஏன் துடைக்கறே? இருக்கட்டுமே, எனக்கும் பொழுது போகணும்ல?"ன்னார்.

"வேண்டாம் சார்"ன்னேன்.

"என்ன கணக்கு இது?"

"தப்புக் கணக்கு சார்."

படகுக்காரர் மேல்தளத்துக்கே ஏறி வந்து நேரமாச்சுன்னு கத்தறார். நான் துடைச்சுக்கிட்டே இருக்கேன். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, இன்னொரு துணியை எடுத்து மறுபக்கத்துலேர்ந்து துடைக்க ஆரம்பிச்சார். தகடெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் ஜெனரேட்டரைக் காட்டினேன். ரெண்டாவது பம்புல ஒரு கசிவு இருக்கு, அதை எப்படிச் சமாளிக்கறதுன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டார். "போ, உன் பொண்டாட்டி ரொம்பப் பிடிவாதக்காரி"ன்னார். ஏணியில இறங்கறப்ப கால் ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு போச்சு.

சமையல் அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு நினைச்சேன். பிழைச்சுட்டாராம், கீழே வரவேற்புல போன் பண்ணிக் கேட்டுச் சொன்னாங்க. மூணு தெருதான். ஆனா போகலை. ரூமை விட்டே போகலை. சாப்பாட்டைக் கதவுகிட்ட வச்சுட்டுப் போறாங்க. ஜன்னலுக்குக் கீழே அந்த பஸ் நிக்குது டீச்சர், அதே பஸ். இவ்வளவு கிட்ட இருந்து பார்த்தா ரொம்பச் சத்தம். இறங்கறவங்க ஏறறவங்க எல்லாம் எங்கே போறோம்னு தெரிஞ்ச மாதிரி நடக்கறாங்க.

நீ லீவு போட்டுட்டு இங்க வா. நான் தனியா அவ்வளவு தூரம் வந்து வீட்டுக் கதவைத் தட்டற ஆளா இப்ப இல்லை.

ரெண்டாவது மாடி, படியேறினதும் இடது பக்கம் கடைசி ரூம். தட்டாதே. தட்டினா நான் எழுந்து வருவேனான்னு எனக்கே தெரியலை. தாழ்ப்பாள் போடலை. தள்ளு, திறந்துக்கும்.

எண்ணெய்